கியர் பாக்ஸுக்குள் ஆயில் போவது சுலபம், திரும்பி வருவதுதான் பாடு

கார் எஞ்சினை விமானத்துக்கு மாற்றுகிறவர்கள் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். இக்னிஷன், எரிபொருள், ரேடியேட்டர் என்று மாதக்கணக்கில் நேரம் போகும். எஞ்சினுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் நடுவே உட்கார்ந்து சுற்று வேகத்தைக் குறைக்கும் ரிடக்‌ஷன் கியர் பாக்ஸுக்கு "ஒரு ஆயில் லைன் கொடுத்தால் போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். என் கைக்கு வந்த பெட்டியோடு இருந்த தாளிலும் அந்த ஒரு வரிதான். ஆயிலைப் பீய்ச்சும் துளை (ஜெட்) எத்தனை மி.மீ., ஆயில் திரும்பிப் போகும் குழாய் (ரிட்டர்ன்) எவ்வளவு பெரிது, எந்தச் சூடு வரை தாங்கும், ஒன்றும் இல்லை. அதன் விலையாக ஒரு பறக்கும் பருவம் முழுக்க வீணாய்ப் போனது. ஒரு ஜோடி கியரும் ஒரு செட் பேரிங்கும் குப்பைக்குப் போயின. ஆத்திரம் இன்னும் தீரவில்லை, ஆனால் ஆத்திரத்தைவிட உபயோகமானது கணக்கு என்பதால் அதையே எழுதுகிறேன்.

ரிடக்‌ஷன் எதற்கு என்பது இந்தப் பக்கம் வருகிற எல்லாருக்கும் தெரியும். சின்ன எஞ்சின் நிமிடத்துக்கு 5000, 6000 சுற்றில்தான் சக்தி தரும், ப்ரொப்பெல்லருக்கோ அதில் பாதிகூட வேண்டாம். ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் என்ற சிறு விமான எஞ்சின் 5800 சுற்றில் ஓடும்போது 2.43 விகிதத்தில் குறைந்து ப்ரொப்பெல்லர் சுமார் 2387 சுற்றில் திரும்புகிறது. அந்தக் குறைப்பு இலவசமாக வருவதில்லை. நேர்ப்பல் கியர் ஒரு ஜோடி நன்றாக வெட்டியிருந்தாலும் கடத்துகிற சக்தியில் ஏறக்குறைய ஒரு சதவீதத்தைச் சூடாக்கிவிடும். பேரிங், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல், ஆயிலைக் கலக்குவதில் போகும் சக்தி எல்லாம் சேர்த்தால் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 100 குதிரைத்திறன் என்றால் சுமார் 75 கிலோவாட், அதில் 2 சதவீதம் 1.5 கிலோவாட். கையால் தூக்கிவிடக்கூடிய ஒரு அலுமினியப் பெட்டிக்குள் இந்தச் சூடு நிற்காமல் பிறந்துகொண்டே இருக்கிறது. எஞ்சின் கூண்டுக்குள் காற்று ஏற்கெனவே சூடு, அதனால் வெளியே வீசும் காற்றை நம்பிப் பயனில்லை. ஆயில்தான் அள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு கிலோ ஆயிலை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 2.1 கிலோஜூல் பிடிக்கும். உள்ளே போகும் ஆயிலுக்கும் வெளியே வரும் ஆயிலுக்கும் 15 டிகிரி வித்தியாசம் அனுமதித்தால், நிமிடத்துக்கு 3.4 லிட்டர் ஓட்டம் தேவை. பற்களுக்கு நடுவே ஆயில் படலம் நிற்க இவ்வளவு தேவையே இல்லை. பெரும்பங்கு குளிர்விக்கத்தான். இதைப் புரிந்துகொள்ளாததால்தான் "பற்கள் ஈரமாகத்தானே இருக்கின்றன, பிறகு ஏன் சூட்டில் நீலம் பாய்ந்தது?" என்று பலரும் தலையைச் சொறிகிறார்கள்.

அடியில் கொஞ்சம் ஆயில் ஊற்றிவிட்டு கியர் தானே வாரி இறைத்துக்கொள்ளட்டும் என்று விடலாமா என்றால், சக்தியும் வேகமும் குறைவாக இருந்தால் விடலாம். ரோட்டாக்ஸின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் வரும் பி, சி, இ வகைப் பெட்டிகள் தனி கியர் ஆயிலோடு அப்படித்தான் ஓடுகின்றன. பார்க்க வேண்டியது பல் ஓடும் வேகம். 100 மி.மீ. விட்டமுள்ள கியர் 5500 சுற்றில் திரும்பினால் அதன் பல் வினாடிக்குச் சுமார் 29 மீட்டர் ஓடுகிறது. வாரி இறைப்பது 12 முதல் 15 மீட்டர் வரைதான் நம்பகமானது. அதற்கு மேல் பல்லில் ஒட்டிய ஆயிலை மையவிலக்கு விசையே உதறிவிடும், அடியில் முங்கும் பல் குளத்தை மத்துப் போட்டுக் கடைவதுபோல் நுரையாக்கிவிடும். வேகம் குறைந்த பெட்டியிலும் முங்கும் ஆழம் ஒரு பல்லின் உயரத்துக்கு அதிகம் போக வேண்டாம். "கொஞ்சம் கூட ஊற்றினால் நல்லதுதானே" என்று ஊற்றியவர்களின் பெட்டிதான் முதலில் கொதிக்கும்.

வால்சக்கர விமானம் வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். தரையில் நிற்கும்போது மூக்கு 12 டிகிரி தூக்கியிருந்தால், முன்னும் பின்னும் 200 மி.மீ. நீளமுள்ள பெட்டியில் ஆயில் மட்டம் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 42 மி.மீ. வித்தியாசப்படும். ஆயில் மட்டம் பார்க்கும் துளையின் அடைப்பு (லெவல் பிளக்) முன்முகத்தில் இருந்தால், தரையில் வழிய வழிய ஊற்றிய ஆயில் வாலைத் தூக்கியதும் அந்த இடத்தில் 20 மி.மீ. கூடுதலாக ஏறி நிற்கும். வாலை ஸ்டாண்டில் ஏற்றி, பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மட்டம் பார்க்க வேண்டும். எந்த நிலையில் பார்க்க வேண்டும் என்று பெட்டி மேலேயே பெயின்டில் எழுதிவைத்துவிடுங்கள்.

இனி ஜெட். எஞ்சினுக்குள் ஆயிலைப் பகிரும் முக்கிய வழியான மெயின் கேலரியிலிருந்து, ஃபில்டருக்குப் பிறகு, ஒரு லைன் எடுக்கிறோம். 4 பார் அழுத்தத்தில் 1 மி.மீ. துளை சூடான ஆயிலை நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர் விடும். 3.4 லிட்டர் வேண்டுமென்றால் 1.3 மி.மீ. ஜெட் இரண்டு. 1 மி.மீ.க்குக் கீழே துளை போடாதீர்கள், ஒரு சின்னத் துணுக்கு போதும் அடைக்க. ஜெட்டுக்கு முன்னால் 0.2 மி.மீ. கண்ணுள்ள சல்லடை ஒன்று, கழற்றிச் சுத்தம் செய்யக்கூடியதாக, கட்டாயம் வேண்டும். எங்கே பீய்ச்ச வேண்டும் என்பதில் ஆளுக்கொரு வாதம் உண்டு. பற்கள் கோக்கும் பக்கத்தில் மொத்த ஆயிலையும் பீய்ச்சினால், பல்லிடுக்கில் மாட்டிய ஆயில் பக்கவாட்டில் பிதுங்கி வெளியேறியாக வேண்டும். அதற்கான சக்தியும் சூடாகத்தான் மாறும். பற்கள் பிரியும் பக்கத்தில் அடித்தால், சூடேறிய பல்முகத்தை அந்தக் கணமே குளிர்விக்கலாம். இந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு கோக்கும் பக்கம், மிச்சம் பிரியும் பக்கம் என்பது என் தீர்ப்பு. அப்படிப் பிரிக்கும்போது இரண்டு துளையும் ஒரே அளவாக இருக்காது: கோக்கும் பக்கம் 1.1, பிரியும் பக்கம் 1.5 மி.மீ. என்றால் மொத்தம் ஏறக்குறைய அதே ஓட்டம் வரும். ஜெட் முனை பற்களுக்கு 20 மி.மீ. அருகிலாவது இருக்கட்டும், ஏனென்றால் கியரோடு சுழலும் காற்று தூரத்திலிருந்து வரும் தாரையை வளைத்துவிடும்.

கேலரியிலிருந்து எடுக்கும் இடத்தில் தனியாக ஒரு தடைத்துளை வையுங்கள். இதை யாரும் சொல்வதில்லை. 6 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸ் ஒன்று நடுவானில் பிய்ந்தால், 4 பாரில் நிமிடத்துக்கு 36 லிட்டர் போகும். பம்ப் அவ்வளவு தருமோ தராதோ, எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் 4 லிட்டர் சம்ப் பத்து வினாடிக்குள் காலி என்று வையுங்கள். கேலரி ஃபிட்டிங்கிலேயே 2.5 மி.மீ. துளை இருந்தால் கசிவு 6 லிட்டருக்குள் அடங்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்க இடம் தேட அரை நிமிடமாவது கிடைக்கும். அந்தத் துளையால் ஜெட்டுக்குப் போகும் ஓட்டம் 12 சதவீதம்போல் குறையும், ஜெட்டை அதற்குத் தக்கபடி ஒரு பொட்டு பெரிதாக்கிக்கொள்ளலாம். இந்த லைனை எடுத்த பிறகு, சூடான எஞ்சின் சுமையில்லாமல் மெதுவாக ஓடும்போது (ஐடில்) உள்ள ஆயில் அழுத்தத்தை மறுபடி பாருங்கள். அது எஞ்சின் கையேட்டின் எல்லைக்குக் கீழே போனால் பம்ப் போதவில்லை என்று அர்த்தம். தடிமனான ஆயில் ஊற்றி அதை மறைக்க வேண்டாம்.

இனிதான் என் பணமும் பருவமும் போன இடம்: ரிட்டர்ன். உள்ளே வரும் ஆயிலைத் தள்ள பம்ப் இருக்கிறது. வெளியே போக வெறும் புவியீர்ப்புதான். கியர்கள் அடித்த ஆயிலில் காற்று கலந்து பருமன் கூடியிருக்கும், மெதுவாகத்தான் நகரும். உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் ஒரே அளவு என்றால் கதை இப்படிப் போகும்: ஐடிலில் எல்லாம் சரி. 4000 சுற்றுக்கு மேல் ஆயில் வெளியேறுவதைவிட வேகமாக உள்ளே வரும். மட்டம் மெல்ல ஏறும். பெரிய கியர் முங்கத் தொடங்கும். முங்கியதும் கலக்கல் சூடு கூடும், நுரை கூடும், நுரை கூடினால் வெளியேற்றம் இன்னும் குறையும். சில நிமிடத்தில் பெட்டி 120 டிகிரியைத் தாண்டும், இன்னொரு பக்கம் எஞ்சின் சம்ப்பில் ஆயில் குறைந்து அழுத்த முள் ஆடத் தொடங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெட்டிக்கு ஆயில் போதவில்லை என்றுதான் தோன்றும். விற்றவரும் அதையே சொல்லி, ஜெட்டைப் பெரிதாக்கச் சொன்னார். ஜெட்டைப் பெரிதாக்கினால் வெள்ளம் இன்னும் வேகமாக ஏறும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரிட்டர்னுக்கு நான் இப்போது வைக்கும் கணக்கு வினாடிக்கு 0.3 மீட்டர் வேகம். 3.4 லிட்டருக்கு அது 15.5 மி.மீ. உள்விட்டம் கேட்கும். குறைந்தது 16, இடமிருந்தால் 19 மி.மீ. போடுங்கள். குழாய் முழுக்க நிரம்பி ஓடக் கூடாது: கீழ்ப்பாதியில் ஆயில் இறங்க, மேல்பாதியில் சம்ப்பிலிருந்து காற்று ஏற வேண்டும். வழியில் ஓர் இடத்தில்கூட ஹோஸ் தொங்கி மேலேறக் கூடாது, அந்தத் தொய்வில் ஆயில் தங்கிக் காற்றை அடைத்துவிடும். ஹோஸின் உள்விட்டத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதியாகாதீர்கள். ஃபிட்டிங்கின் உள்துளையை அளக்க வேண்டும். 16 மி.மீ. ஹோஸில் 11 மி.மீ. துளையுள்ள வளைவு ஃபிட்டிங் (எல்போ) போட்டால் அது 11 மி.மீ. லைன்தான். சம்ப்பில் சேரும் வாய் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், அதுவும் தரையில் மட்டுமல்ல, 15 டிகிரி ஏற்றத்திலும். சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் தட்டை எஞ்சின்களில் சம்ப் ஆழமில்லாமல் இருப்பதால் இது பெரிய தலைவலி. பெட்டியின் அடிக்கும் சம்ப்பின் மட்டத்துக்கும் இடையே ஒரு சாண்கூட இறக்கம் இல்லையென்றால் புவியீர்ப்பை மறந்துவிட்டு, உள்ளே வரும் ஓட்டத்தைப் போல் இரண்டு, மூன்று மடங்கு ஆயிலைத் திரும்ப இழுக்கும் ஸ்கேவெஞ்ச் பம்ப் ஒன்று வையுங்கள். ஒரே மடங்கு போதாது, அது இழுப்பதில் பாதி நுரை.

பெட்டிக்குள்ளேயும் ஆயில் வெளியேறும் பாதை வேண்டும். குறிப்பாக ப்ரொப்பெல்லர் பக்கத்து பேரிங்குக்கும் முன் சீலுக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளி. பேரிங் வழியாக ஆயில் அங்கே வந்து தேங்கும். அடியில் 6 முதல் 8 மி.மீ. வடிகால் துளை பின்பக்கம் திரும்பிப் போகாவிட்டால் அழுத்தம் முழுக்க சீலின் உதட்டில்தான் விழும். விமானத்தின் முன்கண்ணாடியில் ஆயில் புள்ளி தெரிந்ததும் எல்லாரும் செய்வது சீல் மாற்றுவது. ப்ரொப்பெல்லரைக் கழற்றி, ஃபிளாஞ்சை இழுத்து, புது சீல் அடித்து, திரும்ப டார்க் செய்து முடிக்க ஒரு வாரக் கடைசி போகும், அடுத்த பறப்பில் மறுபடி புள்ளி. சீலைத் தொடுவதற்கு முன், பெட்டிக்குள் அழுத்தம் சேராமல் காற்றை வெளிவிடும் வெண்ட்டையும் இந்த வடிகாலையும் பாருங்கள். வெண்ட்டை பெட்டியின் உச்சியில், ஆனால் கியர் ஆயிலை விசிறும் நேர்க்கோட்டில் இல்லாமல், ஒரு தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் வையுங்கள். அதன் முனை ஒரு சின்ன பாட்டிலில் முடியட்டும். பாட்டிலில் எவ்வளவு சேருகிறது என்பதே பெட்டி வெள்ளமாகிறதா என்று காட்டிக்கொடுக்கும்.

எந்த ஆயில் என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கியர் ஆயில் டப்பாவில் 90 என்றும் எஞ்சின் ஆயில் டப்பாவில் 40 என்றும் இருப்பதால் கியர் ஆயில் இரண்டு மடங்கு தடிமன் என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். 100 டிகிரியில் எஸ்ஏஇ 40 எஞ்சின் ஆயில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் (தடிமனின் அலகு) வரை, எஸ்ஏஇ 90 கியர் ஆயில் 13.5 முதல் 18.5 வரை. கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் சேர்மானத்தில். ஜிஎல்-5 என்ற தரத்து கியர் ஆயிலில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த அழுத்தம் தாங்கும் சேர்க்கை அதிகம். பல்முகத்துக்கு அது நல்லது. ஆனால் பெட்டிக்குள் வெண்கல புஷ்ஷோ பித்தளை வாஷரோ இருந்தால் சூட்டில் அவற்றை அரிக்கக்கூடியது. தனி ஆயில் பெட்டிக்கு வாங்குமுன் உள்ளே மஞ்சள் உலோகம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். எஞ்சினோடு ஆயிலைப் பகிரும் பெட்டிக்கு கியர் ஆயில் என்ற பேச்சே கிடையாது. அங்கே பிரச்சினை வேறு: 10டபிள்யூ-40 போன்ற ஆயிலின் தடிமனைக் காப்பாற்றும் நீண்ட பாலிமர் இழைகளை கியர் பற்கள் நறுக்கிவிடும், கொஞ்ச மணி நேரத்தில் 40 என்று ஊற்றியது 30 ஆக இறங்கியிருக்கும். கியரும் கிளட்ச்சும் ஒரே ஆயிலில் நனையும் மோட்டார்சைக்கிளுக்கான ஆயில் இதைத் தாங்கும்படி செய்யப்படுகிறது. ரோட்டாக்ஸ் 912 பெட்டிகள் பலவற்றில், சுமை மீறினால் நழுவிக்கொடுக்கும் ஓவர்லோட் கிளட்ச் வேறு இருப்பதால், எரிபொருள் சிக்கனம் என்று விளம்பரப்படுத்தும் வழுக்கல் சேர்க்கை ஆயிலை அதில் ஊற்றக் கூடாது, தேவையில்லாத நேரத்திலும் கிளட்ச் நழுவும். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலான அவ்கேஸில் ஓடினால் ஈயச் சேறு பெட்டிக்குள் படியும். பெரும்பாலும் அவ்கேஸ் என்றால் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றம் என்று ரோட்டாக்ஸ் சொல்வது அதனால்தான். கிரீஸ் அடைத்து ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பல் போகும் தடத்தில் கிரீஸ் ஒதுங்கி நின்றுவிடும், சூட்டைத் தூக்கிப் போக அதற்குக் கால் கிடையாது.

சூட்டை அளக்கும் சென்சாரை வெளியேறும் ஆயிலில் வையுங்கள். உள்ளே போகும் லைனில் வைத்தால் எஞ்சின் ஆயில் சூடுதான் தெரியும், அது ஏற்கெனவே இன்னொரு மீட்டரில் இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 15 டிகிரி என்பது நாம் போட்ட கணக்கு. அது 25 ஆனால் ஜெட் அடைத்திருக்கலாம் அல்லது பெட்டி வெள்ளமாகியிருக்கலாம். அதிகச் சூட்டில் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. சூடு பெட்டியின் உடம்பையும் மாற்றுகிறது. அலுமினியம் எஃகைப் போல் இரண்டு மடங்கு விரியும். இரண்டு ஷாஃப்டுக்கும் இடையே 130 மி.மீ. இருந்தால், 70 டிகிரி ஏறும்போது அந்தத் தூரம் எஃகோடு ஒப்பிட 0.1 மி.மீ. கூடும், பல்லிடைவெளி சுமார் 0.07 மி.மீ. கூடும். அதைவிட ஆபத்து பேரிங் உட்காரும் குழி: 72 மி.மீ. விட்டத்தில் 0.055 மி.மீ. தளரும். குளிரில் கையால் அழுத்திப் போட்ட பேரிங், சூட்டில் வெளிவளையத்தோடு சுற்றத் தொடங்கி, அலுமினியத்தைச் சாம்பல் நிறச் சேறாக அரைத்து ஆயிலில் கலக்கும். ஆயிலை எத்தனை தடவை மாற்றினாலும் அந்தச் சேறு நிற்காது. எஃகு வளையம் பதித்த குழியா என்று பெட்டி வாங்கும்போதே கேளுங்கள்.

பூட்டும்போது மூட்டில் கசிவை அடைக்கும் பேஸ்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. ஆர்டிவி சிலிக்கானை ஃபிளாஞ்சில் தாராளமாகப் பூசினால், இறுக்கும்போது உள்பக்கம் ஒரு புழுபோல் பிதுங்கி நிற்கும். சூடான ஆயிலில் ஊறி அது பிய்ந்து நேராக ஜெட்டுக்கோ ரிட்டர்ன் வாய்க்கோ போகும். காற்றில்லாத இடத்தில் மட்டும் இறுகும் அனேரோபிக் சீலன்ட் இதற்குச் சரி, பிதுங்கியது இறுகாமல் கரைந்துவிடும். மூடுவதற்கு முன் ஒரு சோதனை: பெட்டியின் மூடிக்குப் பதில் பாலிகார்பனேட் தகடு ஒன்றைப் பூட்டி, எஞ்சின் ஆயில் பம்ப்பை ட்ரில் மெஷினால் சுற்ற முடிந்தால் சுற்றி, இல்லாவிட்டால் வெளிப் பம்ப் ஒன்றால் அழுத்தம் கொடுத்து, தாரை எங்கே விழுகிறது என்று கண்ணால் பாருங்கள். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி அளவு ஜாடிக்குள் விட்டு ஒரு நிமிடம் பிடியுங்கள். ஆயிலை 80 டிகிரிக்குச் சூடாக்கிப் பிடிக்க வேண்டும், குளிர்ந்த ஆயிலின் அளவு எதற்கும் உதவாது. விமானத்தை ஏற்ற நிலைக்குத் தூக்கி வைத்து அதே அளவு வருகிறதா என்றும் பாருங்கள். ஒரு மாலைப் பொழுது வேலை, கியர் செட் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. பிறகு 100 மி.லி. ஆயிலைப் பற்கள் மேலும் பேரிங் மேலும் ஊற்றி, ஸ்பார்க் பிளக் கழற்றி, ப்ரொப்பெல்லரைச் சுற்றும் திசையிலேயே கையால் சில சுற்று திருப்பிவிட்டுத்தான் முதல் ஸ்டார்ட்.

முதல் 10 மணி நேரத்தில் ஆயிலை வடித்துவிடுங்கள், அடுத்து 25. ஆயிலில் உள்ள இரும்புத் துகளைப் பிடிக்கும் மேக்னெட் பிளக்கில் விரலில் தேய்த்தால் மசியாகும் கரிய பொடி முதல் வடிப்பில் சகஜம். நகத்தில் தட்டுப்படும் செதில் வந்தால் பல்லிலோ பேரிங்கிலோ தோல் உரிகிறது, பறப்பதை நிறுத்திப் பிரிக்க வேண்டும். பிரித்தபின் பல்லைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பல்முகத்தின் நடுக்கோட்டில் சின்னச் சின்னக் குழிகள் என்றால் சுமை அதிகம் அல்லது பல்முகக் களைப்பு. பல் நுனியிலும் அடியிலும் மேலிருந்து கீழாகக் கீறல் என்றால் படலம் கிழிந்து உலோகம் உலோகத்தை உரசியிருக்கிறது, ஏனென்றால் சறுக்கல் அங்கேதான் அதிகம். கீறல் பல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தால் ஷாஃப்ட் சாய்ந்திருக்கிறது, அதற்கு ஆயிலைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஐடிலில் கியர் கடகடப்பது பலருக்கும் தெரிந்த சத்தம். நாலு சிலிண்டர் எஞ்சின் குறைந்த சுற்றில் தள்ளித் தள்ளி ஓடும்போது பல் முன்னும் பின்னுமாக மோதி, நடுவே உள்ள படலத்தைப் பிதுக்கித் தள்ளும். அந்த நேரத்தில்தான் ஆயில் அழுத்தமும் குறைவு, ஜெட் வெறுமனே சொட்டும். ரோட்டாக்ஸ் 912-ஐ முதல் 2 நிமிடம் 2000 சுற்றிலும், பிறகு ஆயில் 50 டிகிரி வரும்வரை 2500 சுற்றிலும் சூடேற்றச் சொல்கிறார்கள். வேறு எஞ்சின் என்றாலும் கடகடப்பு அடங்கும் சுற்று எதுவென்று கண்டுபிடித்து, தரையில் அதற்குக் கீழே அதிக நேரம் நிற்காதீர்கள்.

எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் பல்வெட்டு ஷாஃப்ட் இணைப்பு (ஸ்ப்லைன்) பெரும்பாலும் ஆயில் படாத இடத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அசைவிலேயே அது தேய்ந்து செந்தூள் கொட்டும். மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீஸைப் பூட்டும்போது பல்லுக்குப் பல் தடவி, ஒவ்வொரு வருடப் பரிசோதனையிலும் பழையதைத் துடைத்துப் புதிதாகத் தடவுங்கள். துடைத்த துணியில் சிவப்பு தெரிந்தால் ஸ்ப்லைனில் ஆட்டம் எவ்வளவு என்று டயல் கேஜ் வைத்து அளந்து, எழுதி வைத்து, அடுத்த முறை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.